ராகு காலத்துக்கு முன்பே பச்சையாக்கிய சோதனைகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டேன். விளக்கேற்றி, விபூதி பூசி, நோட்டை எடுத்து உட்காருவேன். ஒரு வரி எழுதியதும் அப்போது நான் வேலை பார்த்த ஆபீஸ் முதலாளியின் முகம் முன்னால் வந்து நிற்கும். அவரும் நானும் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற பங்காளிகள். மாசி சிவராத்திரிக்கு ஒரே வரிசையில் நின்று ஒரே தட்டில் விபூதி எடுக்கிறவர்கள். அப்படிப்பட்டவரை எழுத்தில் வைத்து ஏசலாமா என்று மூடி வைத்துவிடுவேன். இன்னொரு தயக்கம் என் படிப்பு. பிளஸ் டூவும் தேனியில் படித்த ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும்தான் எனக்குத் தெரிந்தது. புரோகிராம் எழுதுகிறவர்கள் விஷயத்தை நான் எழுதினால் சிரிப்பார்களே என்று பயம்.

என் மனைவிதான் ஒருநாள் கேட்டாள். "நீங்க என்ன இல்லாததயா எழுதப் போறீக? நடந்ததத்தான எழுதப் போறீக. சாமி கோவிச்சுக்கிறாது, எழுதுங்க."

எங்கள் ஆபீஸ் தேனியில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. ஏலக்காய் வியாபாரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிற இடம். போடி, கம்பம், கூடலூர் என்று கடை கடையாகப் போய் அதைப் போட்டுக் கொடுப்பதும், கோளாறு வந்தால் போனில் வசவு வாங்குவதும் என் வேலை. அதற்கு சப்போர்ட் என்று பெயர்.

விஷயம் புரிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கூடலூரில் வியாபாரி மூட்டை விவரத்தைக் கம்ப்யூட்டரில் அடிப்பார். எங்கள் புரோகிராம் அதை எக்ஸ்எம்எல் என்கிற வகைக் கோப்பாக எழுதி, மலைக்கு மேலே குமுளியில் இருக்கிற குடோனுக்கு அனுப்பும். இது பெயர், இது எடை, இது எண் என்று ஒவ்வொரு விவரத்தையும் குறி போட்டுப் பிரித்து வைப்பதுதான் அந்த வகை. குடோன்காரர்களின் புரோகிராம் அதைப் படித்து, மூட்டையில் ஒட்டுகிற சீட்டை அச்சடிக்கும். சீட்டில் இரண்டு வரி. மேல் வரியில் வியாபாரியின் அடையாளமான மார்க், கீழ் வரியில் அந்தச் சரக்குத் தொகுதியின் லாட் எண். சுமை தூக்குகிறவர்கள் அந்த இரண்டு வரியைப் பார்த்துத்தான் அடுக்குவார்கள்.

அந்தக் குறிகளையெல்லாம் நம் ஆட்களே எழுதுவதில்லை. யாரோ எங்கேயோ எழுதி வைத்த லைப்ரரி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். வீட்டில் அரைக்காமல் கடையில் மசாலாப் பொடி வாங்குகிற மாதிரி. கம்பெனிக்குக் கம்பெனி பொடியின் காரம் மாறும் அல்லவா, அதுபோல லைப்ரரிக்கு லைப்ரரி எழுதுகிற விதம் மாறும். ஒன்று, குறியை மூடுகிற சாய்கோட்டுக்கு முன்னால் இடம் விடும். இன்னொன்று விடாது. ஒன்று ஒற்றை மேற்கோள் போடும், இன்னொன்று இரட்டை. ஒன்று விவரங்களை நாம் கொடுத்த வரிசையில் எழுதும், இன்னொன்று தன் இஷ்டப்படி மாற்றி அடுக்கும். எல்லாம் சரிதானாம், சட்டப்படி குற்றமில்லையாம். உலகத்தில் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து, ஒரு சாய்கோட்டுக்கு முன்னால் இடம் விடுவதில்கூட ஒத்துப்போக முடியாமல் ஆளுக்கொரு கட்சியாக நிற்கிறார்கள் என்று தெரிந்தபோது, எனக்குப் படிப்பின் மேல் இருந்த மரியாதை பாதி போய்விட்டது.

எங்கள் ஆபீஸில் டெஸ்ட் எழுதியது உத்தமபாளையத்துத் தங்கச்சி ஒருத்தி. முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, பி.எஸ்சி. படித்தவள், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். மதியத் தொழுகைக்குப் பழைய மானிட்டர்கள் கிடக்கிற அறையில் பாய் விரித்துக்கொள்வாள். யாரும் உள்ளே போய்விடாமல் நான் வாசலில் சோற்று டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவேன். இந்த விவரத்தைக் கொடுத்தால் புரோகிராம் இந்தக் கோப்பைத்தான் எழுத வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் சரியான விடையைப் பக்கத்தில் வைத்திருப்பாள். புரோகிராமில் யார் கை வைத்தாலும் அத்தனை டெஸ்டும் ஓடும். விடை ஒத்துப்போனால் திரையில் பச்சை, ஒரு எழுத்து மாறினாலும் சிவப்பு.

அந்த நேரத்தில் டீம் லீடராக ஒருவர் வந்து சேர்ந்தார். பெங்களூரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அங்கே நிலைக்க முடியாமல் ஊர் திரும்பியவர். ஆனால் 'பெங்களூருல' என்று ஆரம்பிக்காமல் ஒரு டீ குடிக்கமாட்டார். எங்கள் பழைய லைப்ரரியை எழுதியவர்கள் கைகழுவிவிட்டார்கள், புதுசு போட வேண்டும் என்றார். அது நியாயம்தான். மாற்றினார். டெஸ்டை ஓடவிட்டார். திரை முழுக்க மிளகாய் காயப்போட்ட களம் மாதிரி சிவந்துவிட்டது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா, ஒங்க டெஸ்ட்டுக்கு மூளையே இல்லக்கா. ஒரு ஸ்பேஸ் கூடிப்போச்சுன்னு கூப்பாடு போடுது பாருங்க."

"மூளை இல்லதான் தம்பி," என்றாள் தங்கச்சி. "வித்தியாசம் இருக்குன்னு சொல்லத்தான் அதுக்குத் தெரியும். எந்த வித்தியாசம் சும்மா, எந்த வித்தியாசம் நெசம்னு நாமதான் பாக்கணும்."

"யாரு பாக்குறது? ஸ்பேஸை உக்காந்து எண்ணவா? பெங்களூருல சொன்னா சிரிப்பாக."

"பெங்களூருல ஏலக்கா மூடை ஏத்துறாகளா தம்பி?" என்றேன் நான். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பிளஸ் டூ படித்தவன் வாய் திறந்தால் ஃபேன் சத்தம் மாதிரி அவருக்கு.

தங்கச்சி முதலாளியிடம் போனாள். நானும் கூடப் போனேன். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற மாதிரி எழுதியது சரியில்லைதான் என்று அவளே ஒப்புக்கொண்டாள். "ரெண்டு கோப்பையும் திரும்பப் படிக்க வச்சு, உள்ள இருக்குற விஷயம் ஒண்ணா இருக்கான்னு பாக்குற மாதிரி மாத்திர்றேன் சார். அப்பறம் ஸ்பேஸ், மேற்கோள், வரிசை இதெல்லாம் கணக்குல வராது. நெசமா மாறுனது மட்டும் செவப்பா நிக்கும். திங்கக்கெழம வரைக்கும் டைம் குடுங்க."

முதலாளி மேசையில் இருந்த தினசரி காலண்டரைத் திருப்பினார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. புது வெர்ஷன் எதுவானாலும் வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில்தான் வெளியே போகும். சர்வர் பெட்டிக்கு மாலை, தேங்காய், சூடம், எல்லாம் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த பட்டனை அழுத்த வேண்டும். டெஸ்ட் அத்தனையும் பச்சையாக இருந்தால்தான் சூடம் ஏற்றுவார். பச்சை என்பது அவருக்குச் சாமி உத்தரவு கொடுத்த மாதிரி. இதை நான் குறை சொல்லவில்லை. நானும் வண்டிச் சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துத்தான் எடுக்கிறேன்.

"ஒம்பதரை டு பத்தரை நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள பச்சையாகணும்மா," என்றார். "ஆகலைன்னா, டெஸ்டிங்ன்னு ஒரு வேலை நமக்குத் தேவையான்னு நான் யோசிக்க வேண்டியதிருக்கும்."

அவள் முகம் மாறியது. காரணம் எனக்குத் தெரியும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிப்போகிற தூரத்தில் அவள் படிப்புக்கு இருந்த ஒரே ஆபீஸ் எங்களுடையதுதான். அடுத்தது மதுரை. மதுரைக்குப் போய்வர அவள் வீட்டில் ஒருக்காலும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். இந்த வேலை போனால் அவள் கற்றதெல்லாம் அடுப்படிக்குத்தான்.

வியாழக்கிழமை முழுவதும் அவள் ஒவ்வொரு சிவப்பாகத் திறந்து பார்த்தாள். சும்மா வித்தியாசம், சும்மா வித்தியாசம் என்று ஒதுக்கிக்கொண்டே வந்தாள். பாதிகூட முடியவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை. சர்வருக்கு மாலை போட்டாகிவிட்டது. முதலாளி வேட்டியில் வந்திருந்தார். திரை இன்னும் சிவப்பு. தங்கச்சி தட்டிக்கொண்டே இருக்கிறாள். பத்து மணி தாண்டியதும் லீடர் எழுந்து வந்து, "கொஞ்சம் நகருங்கக்கா" என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே ஒரு வரி அடித்தார். கண் மூடித் திறப்பதற்குள் மொத்தமும் பச்சை.

"முருகா!" என்று முதலாளி கைகூப்பினார். நெசமாகவே கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. சூடம் ஏற்றினார். லீடர் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, ஏதோ மலையைப் பெயர்த்தவர் மாதிரி நின்றார்.

"என்ன தம்பி செஞ்சீக?" என்று கேட்டாள் தங்கச்சி.

"அப்டேட் குடுத்தேன்க்கா. புது லைப்ரரி இன்னைக்கு என்ன எழுதுதோ, அதையே சரியான விடைன்னு எடுத்து வச்சுக்கன்னு சொல்லிட்டேன்."

"அப்ப இப்ப எதை எதோட ஒப்பிட்டுப் பாக்குது?"

"அதை அதோடதான்!" என்று சிரித்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "பரீட்சை எழுதுன பயலோட பேப்பரையே விடைக்குறிப்பா வச்சுத் திருத்துறாகண்ணே. நூத்துக்கு நூறு வராம என்ன செய்யும்?"

அது முதலாளி காதில் விழுந்துவிட்டது. "ஏம்மா, நல்ல காரியம் நடக்கையில வாயில நல்ல வார்த்தை வரட்டுமே."

"சார், நான் பாதிதான் பாத்துருக்கேன். மிச்சத்துல எங்கிட்டாச்சும் நெசமான தப்பு இருந்தா? இன்னைக்கு அனுப்பாதீக சார்."

"எல்லாம் பச்சையா இருக்கும்மா. கண்ணு தெரியலையா? ஒரு வரி அடிச்சா பச்சையாகுது. இதுக்குப் போயி தனியா ஒரு ஆளு, தனியா ஒரு சம்பளம். இந்த மாசத்தோட நின்டுக்கம்மா."

தேங்காயை உடைத்தார்கள். பட்டனை அழுத்தினார்கள். தட்டில் இருந்த சூடத்தை எல்லாரிடமும் காட்டினார்கள். நான் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. இத்தனை வருட சாமி கும்பிடுதலில் சூடத்தைப் பார்த்துக் கை போகாத ஒரே நாள் அதுதான். கேட்ட கேள்விக்கு பதில் தெரியாமல், சரியான விடையையே மாற்றி எழுதிவிட்டு, அதற்கு ஆண்டவனைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்களே, இதைவிடச் சாமி இல்லை என்று சொல்கிறவன் எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

திங்கட்கிழமை கூடலூரிலிருந்து போன். பேசியவர் வியாபாரி. போனில் சொல்ல முடியாத வார்த்தைகளையும் சொன்னார். நேரில் போனேன். கடை வாசலில் ஒரு ஜீப், மூட்டைகளோடு அப்படியே நிற்கிறது.

"வாய்யா கம்ப்யூட்டரு!" என்றார். "எறங்கி வந்து பாரு, ஒன் பவுசை. குமுளி வரைக்கும் போயி திரும்பி வந்துருக்கு. எம் மார்க்கு என்ன?"

"கே நாலுண்ணே."

"லாட்டு?"

"பதினேழு."

"இதுல என்ன ஒட்டிருக்கு, வாசி."

சீட்டில் ஒரே வரி. கே 4 17 என்று இருந்தது. கீழ் வரி காலி.

"அங்கன இருக்கவன் கே நானூத்திப் பதினேழுன்னு படிச்சுட்டான். அப்படி ஒரு மார்க்கே இல்லன்னு பாதி மூடையத் திருப்பி விட்டுட்டான். மீதி எவன் அடுக்குல கெடக்கோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஏன்யா, ரெண்டு வரிய ரெண்டு வரியா எழுத ஒங்களுக்கு எத்தன பேரு? அதுக்குத் தேங்கா வேற ஒடைக்கிறீகளாமே?"

குடோன்காரரைப் போனில் பிடித்துக் கொடுத்தார். அந்த ஆள் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். "சேட்டா, ஞங்ஙளுடெ மெஷீனு குழப்பம் இல்லா. நிங்ஙளுடெ ஃபயல்தான்."

அங்கிருந்தே லீடரை அழைத்தேன். "அது எட்ஜ் கேஸ்ண்ணே," என்றார். எட்ஜ் கேஸ் என்றால் எப்போதாவது ஓரத்தில் வருவது என்று அர்த்தமாம். கம்பம் பள்ளத்தாக்கில் மலையேறுகிற அத்தனை மூட்டைக்கும் இரண்டு வரிச் சீட்டுத்தான். இவருக்கு அது ஓரம்! இவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலிதான் நடு போலிருக்கிறது. போனை வைத்துவிட்டேன்.

தங்கச்சிக்குப் போட்டேன். அவளுக்கு அந்த மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. "ஒரு நிமிசம்ண்ணே" என்றாள். லீடர் மாற்றுவதற்கு முந்தைய டெஸ்டுகள் கம்ப்யூட்டரில் அழியாமல் இருந்தன. எடுத்துப் பார்த்தாள்.

"ரெண்டு வரிச் சீட்டுக்கு நான் தனியா டெஸ்ட் எழுதியிருக்கேன்ண்ணே. வியாழக்கெழம செவப்பா நின்னதுல இதும் ஒண்ணு. நான் பாக்காத பாதியில இருந்துருக்கு."

பிறகு சொல்லித்தந்தாள். பழைய லைப்ரரி, வரி முறிகிற இடத்தில் 'இங்கே வரி முறி' என்று ஓர் அடையாள எண்ணை எழுதிவந்தது. புது லைப்ரரி அந்த எண்ணை எழுதாமல், வெறுமனே அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறது. நம் விவரம் இருக்கிற இடத்தில் அப்படி வெறும் வரி முறிவு வந்தால், படிக்கிற புரோகிராம் அதை ஒரு ஸ்பேஸாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எக்ஸ்எம்எல் சட்டமாம். அதனால் இரண்டு வரி ஒரு வரியாகி, நடுவில் ஒரு ஸ்பேஸ். அவள் கேட்ட திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்திருந்தால், சும்மா வித்தியாசமெல்லாம் உதிர்ந்து, இந்த ஒன்று மட்டும் தனியாகச் சிவந்து நின்றிருக்கும்.

அன்றைக்கே அவள் சரிசெய்து கொடுத்தாள். புரோகிராமில் ஒரு சின்ன மாற்றம்தான். மறுநாள் மூட்டைகள் மலையேறின.

இனிமேல் முதலாளி அவளை இருக்கச் சொல்வார் என்று நான் பைத்தியக்காரத்தனமாக நம்பினேன். அவர் அறைக்கு எங்கள் மூவரையும் கூப்பிட்டார். மேசையில் காலண்டர் திறந்திருந்தது. முகத்தில் ஒரு தெளிவு.

"தப்பு எங்கன நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன்," என்றார். "அன்னைக்கு கரிநாள். சின்ன எழுத்துல போட்டுருக்கான், நான் கவனிக்கல."

லீடர் தலையாட்டினார். பெங்களூரில் இருந்தவர், எட்ஜ் கேஸ் தெரிந்தவர், பொறியியல் படித்தவர், கரிநாளுக்குத் தலையாட்டினார். தன் மேல் பழி வராமல் இருக்குமானால் செவ்வாய் தோஷத்துக்கும் ஆட்டியிருப்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நாள் என்னண்ணே செய்யும்? செவப்பா இருந்ததப் பாக்காமலே பச்சையாக்குனது நாமதான. சாமியவும் நாளையும் எதுக்குண்ணே இழுக்குறீக?"

"தம்பி, நீ சப்போர்ட்டு. சப்போர்ட்ட மட்டும் பாரு."

பிறகு அவளிடம், "வியாபாரிக எல்லாம் சத்தம் போடுறாகம்மா. எதாச்சும் ஒரு பதிலு சொல்லணும்ல. டெஸ்டிங்ல ஒரு கவனக்குறைவுன்னு சொல்லி வச்சுருக்கேன். நீயும் அதுக்கு ஒத்துக்கிட்டீன்னா, ஒன் வேலை அப்படியே இருக்கட்டும்."

இதுதான் அவர் கொடுத்த வரம். அவளுக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்று தெரிந்துதான் கொடுத்தார். அவள் அவசரப்படவில்லை.

"கவனக்குறைவுன்னா, பாக்காம விட்டதுன்னு அர்த்தம் சார். நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். பாக்க விடாம நிறுத்துனது நீங்க. அத நீங்க வியாபாரிக்கிட்ட சொன்னா நான் இருக்கேன். இல்லைன்னா இந்த மாசத்தோட போயிக்கிறேன்."

முதலாளி காலண்டரை மூடினார். அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் அவள் தன் டெஸ்டுகளையெல்லாம் சொன்னபடியே மாற்றி எழுதி முடித்துவிட்டுத்தான் போனாள். எழுத்தை ஒப்பிடாமல் விஷயத்தை ஒப்பிடுகிற மாதிரி. யாரும் கேட்கவில்லை; அவளாகச் செய்தாள். நான் அந்த ஆபீஸில் இருந்தவரை அவைதான் ஓடிக்கொண்டிருந்தன. அவள் இப்போது உத்தமபாளையத்தில் ஒரு கடையில், சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வருகிறவர்களுக்கு ஆன்லைனில் அடித்துக் கொடுக்கிறாள். அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வருவேன். அடிப்பதற்கு முன்னால் பெயரை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கிறாள் என்று வரிசையில் நிற்கிறவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் சின்னமனூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு இரண்டு இலை தள்ளி அந்த முதலாளி. பக்கத்தில் இருந்தவரிடம் பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு பொண்ண டெஸ்டிங்க்கு வச்சேன். ஒழுங்கா பாக்கல. கூடலூர் பார்ட்டி சரக்கு மொத்தமும் திரும்பிருச்சு. நான் ஒண்ணும் சொல்லல. அதுவா அழுதுக்கிட்டே வேலைய விட்டுப் போயிருச்சு." சொல்லிவிட்டு ரசம் கேட்டார். அவருக்கு அதற்குள் அது உண்மையாகவே ஆகிவிட்டது. நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் சேர்க்காதீர்கள், எடுக்காதீர்கள். அவள் அழுதாள் என்று சொல்லாதீர்கள், அவள் அழவில்லை. நாள் சரியில்லை என்று சொல்லாதீர்கள். ஆண்டவன் படைத்த நாளில் குறை இல்லை. கேட்கிறவர் பரிதாபப்படட்டும் என்று அவள் படிப்பைக் குறைக்காதீர்கள், கதை நல்லா இருக்கட்டும் என்று என்னைப் பெரிய ஆளாக்காதீர்கள். நான் ஒரு கேள்விதான் கேட்டேன், அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. வியாழக்கிழமை சிவப்பாக இருந்ததை வெள்ளிக்கிழமை பார்க்காமலே பச்சையாக்கினார்கள். பார்க்க வேண்டும் என்று சொன்னவளை அனுப்பினார்கள். பழியை அவள் மேல் எழுதினார்கள். இந்த வரிசையில், இப்படியே சொல்லுங்கள்.